சால்டேரின் கல்வீட்டு வரிசையில் ஒன்பது குளிர்காலங்கள்

வீட்டை வாங்கிய புதிதில், எங்கள் கைக்கு வந்து சேர்ந்த பத்திரக் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. வீடு 1850களில் கட்டப்பட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பத்திரங்களோ 1933ஆம் ஆண்டுக்கு முன்னே போகவே இல்லை. முக்கால் நூற்றாண்டுக்கால ஆவணங்கள் தொலைந்துபோய்விட்டன என்றே நினைத்தேன். உண்மையில் எதுவும் தொலையவில்லை. கட்டிய நாள் முதல் 1933 வரை இந்த வீட்டுக்கென்று தனி உரிமையாளர் ஒருவர் இருந்ததே கிடையாது. கிராமம் முழுவதும் அங்குள்ள கம்பளி ஆலைக்குச் சொந்தமாக இருந்தது. குடியிருந்தவர்கள் அனைவரும் வாடகைக்காரர்கள். 1933இல்தான் ஆலை நிர்வாகம் வீடுகளை மொத்தமாக ஒரு சொத்து நிறுவனத்துக்கு விற்றது. அதன் பிறகே அவை ஒவ்வொன்றாகத் தனியார் கைக்கு வந்தன. நாங்கள் வாங்கியது ஒரு வீடு அல்ல, சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய ஒரு வீட்டு வரிசையின் துண்டு என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது அந்தப் பத்திரக் கட்டுதான். அப்போதே அதை முழுமையாகப் புரிந்துகொண்டிருந்தால், அடுத்த மூன்று ஆண்டுகளில் நாங்கள் செய்த தவறுகளில் பாதியைத் தவிர்த்திருக்கலாம்.

சால்டேர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், பிராட்ஃபோர்டு நகரத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தொலைவில், ஏர் ஆற்றங்கரையில் இருக்கிறது. கட்டுவித்தவரின் குடும்பப் பெயரான சால்ட் என்பதும் ஆற்றின் பெயரான ஏர் என்பதும் சேர்ந்ததே ஊரின் பெயர். கம்பளி ஆலை முதலாளியான டைட்டஸ் சால்ட் 1848-49இல் பிராட்ஃபோர்டு நகரத் தலைவராக இருந்தார். 1849இல் அந்நகரத்தைக் காலரா தாக்கியது. ஆலைப் புகை, சாக்கடையாகிப்போன ஓடை, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டுப் பின்கதவோ காற்றோட்டமோ இல்லாத தொழிலாளர் குடியிருப்புகள் என்று நகரம் இருந்த நிலையில், அவர் தம் ஆலைகளை ஊருக்கு வெளியே ஒரே இடத்துக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தார். ஆறும் கால்வாயும் ரயில் பாதையும் அருகருகே செல்லும் இடத்தில் புதிய ஆலை எழுந்தது. 1853 செப்டம்பர் 20ஆம் நாள், அவருடைய ஐம்பதாவது பிறந்த நாளில், அது திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து வீடுகள் வரத் தொடங்கின; 1868 வாக்கில் பெரும்பாலும் முடிந்தன. ஆலையையும் வீடுகளையும் வடிவமைத்தவர்கள் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த லாக்வுட், மாசன் என்னும் இரு கட்டடக் கலைஞர்கள். இன்றும் அவர்கள் பெயரில் இங்கே ஆளுக்கொரு தெரு இருக்கிறது. மற்றத் தெருக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சால்ட் தம் மனைவி கரோலைன், பிள்ளைகள், பேரக்குழந்தைகள் ஆகியோரின் பெயர்களை வைத்தார். விக்டோரியா அரசிக்கும் அவர் கணவர் ஆல்பர்ட்டுக்கும் தெருக்கள் உண்டு. 2001இல் யுனெஸ்கோ இக்கிராமத்தை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

இந்த வரிசைகளைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும், “எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கின்றனவே” என்பார்கள். முதல் சில மாதங்கள் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு ஒரு வரிசையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நிதானமாகப் பார்த்தால், அதற்கு ஒரு தலையும் உடலும் வாலும் இருப்பது தெரியும். வரிசையின் இரு முனைகளிலும், சில இடங்களில் நடுவிலும், வீடுகள் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கின்றன. நீண்ட சுவர் சலிப்புத் தட்டாமலிருக்க, இத்தாலிய மாளிகைகளின் பாணியில் கட்டடக் கலைஞர்கள் செய்த ஏற்பாடு அது. முனையிலிருக்கும் வீடுகளின் வாசல்களிலும் சாளரங்களிலும் அரைவட்ட வளைவுகள் உண்டு. நடுவிலுள்ள எளிய வீடுகளில் தட்டையான விட்டக்கல் மட்டுமே. ஜார்ஜ் தெருவைப் போலச் சரிவில் இறங்கும் தெருக்களில் கூரைகள் படிப்படியாகத் தணிந்து ஆலையை நோக்கிச் செல்லும். மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்தப் படிவரிசையைப் பார்ப்பது இன்றுவரை எனக்குச் சலிக்கவில்லை.

அழகுக்குச் செய்த அந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஆலையின் பதவி வரிசையும் இருக்கிறது. சாதாரணத் தொழிலாளியின் வீட்டுக் கதவு நேரே நடைபாதையில் திறக்கும். மேற்பார்வையாளரின் வீட்டுக்கு முன்னே, நாலடி அகலமே ஆனாலும், ஒரு சிறு தோட்டம் இருக்கும். அதற்கும் மேற்பட்ட பதவிக்காரர்களுக்கு ஆல்பர்ட் சாலையில், அந்நாளில் திறந்த வயல்களைப் பார்த்தபடி, பெரிய வீடுகள். ஒரு வீட்டைச் சீர்செய்யத் தொடங்குமுன் அது வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறது, யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். எங்களுடையது நடுவரிசை வீடு, எளிய வகை. அதில் வளைவும் அலங்காரமும் சேர்க்க முன்பொருவர் முயன்றிருந்தார். முன்னறையின் கூரையோரத்தில் அவர் ஒட்டியிருந்த சாந்துப் பூ வேலைப்பாடு அந்த அறைக்கு ஒருநாளும் பொருந்தவில்லை.

உள்ளமைப்பு மிகச் சுருக்கமானது. முன்னே கணப்புடன் கூடிய கூடம், அதன் பின்னே பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் ஒரு சிற்றறை, கீழே நிலவறை, மேலே படுக்கையறைகள். கொல்லைப்புறத்தில் மதில் சூழ்ந்த சிறு முற்றம், அதில் அந்த வீட்டுக்கே உரிய கழிப்பிடம், நிலக்கரி போடும் இடம், சாம்பல் குழி. வீட்டுக்கொரு கழிப்பிடம், குழாய்த் தண்ணீர், ஆலையிலிருந்து வந்த எரிவாயு விளக்கு என்பவை 1850களின் தொழிலாளிக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, பிராட்ஃபோர்டில் ஒரு முற்றத்துக்கே ஒரு கழிப்பிடம் இருந்த நிலையோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். எங்கள் கொல்லை மதிலில், பின்சந்தைப் பார்த்து, கல்வைத்து அடைத்த ஒரு சதுரத் துளை இருந்தது. அது என்னவென்று தெரியாமல், உடைத்துவிட்டுக் கதவு வைக்கலாம் என்று திட்டமிட்டிருந்தோம். சாம்பலையும் கழிவையும் பின்சந்திலிருந்தபடியே அள்ளிச் செல்ல விட்ட வழி அது என்று ஆலையில் இளமையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மூதாட்டி சொன்ன பிறகு, அந்த எண்ணத்தைக் கைவிட்டோம்.

இனி ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். இந்த வீட்டில் நாங்கள் அதிகம் கற்றது அதனிடமிருந்துதான்.

வாங்கிய முதல் குளிர்காலத்தில் பின்னறைச் சுவரின் அடிப்பாகம் நனைந்து, பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்தது. அழைத்தவுடன் வந்த ஒரு நிறுவனத்தார், இரண்டு முள் கொண்ட ஒரு கருவியைச் சுவரில் குத்திப் பார்த்துவிட்டு, நிலத்திலிருந்து ஓதம் ஏறுகிறது என்றார்கள். சுவரில் வரிசையாகத் துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும், பழைய பூச்சை இடுப்பளவுக்குப் பெயர்த்துவிட்டுச் சிமென்ட் பூச வேண்டும் என்றார்கள். நாங்கள் சம்மதித்தோம். எங்கள் சேமிப்பில் கணிசமான பகுதி அதில் போயிற்று. அடுத்த குளிர்காலத்தில், புதிய சிமென்ட் பூச்சு முடிந்த கோட்டுக்கு மேலே, இடுப்பளவுக்கும் மேலான உயரத்தில், அதே ஈரம் புதிதாகத் தோன்றியது.

ஏன் என்பது பிறகுதான் விளங்கியது. அந்தக் கருவி மரத்திலுள்ள ஈரத்தை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. உப்பேறிய பழைய பூச்சில் குத்தினால், ஈரம் குறைவாக இருந்தாலும் அதிகமென்றே காட்டும். அடுத்தது சுவரின் அமைப்பு. இங்குள்ள மணற்கல் சுவர் ஒரே கனத்த கல் அல்ல. வெளியே ஒரு கல்வரிசை, உள்ளே ஒரு கல்வரிசை, நடுவே சில்லும் சுண்ணாம்பும் இட்டு நிரப்பிய கலவை. இரண்டையும் பிணைக்க ஆங்காங்கே குறுக்கே போடப்பட்ட நீளக்கற்கள். இப்படி உள்ளே பொந்தும் இடைவெளியுமாக இருக்கும் சுவரில் துளையிட்டுச் செலுத்தும் மருந்து தொடர்ச்சியான ஒரு தடுப்பாக அமையாது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, இந்தச் சுவர் ஈரத்தை முற்றாகத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டதே அல்ல. மழை பெய்தால் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். காற்றடித்தால் கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புக் காரையின் வழியே அதை வெளியே விட்டுவிடும். கல்லைவிடக் காரை மென்மையாக இருப்பதால் தேய்மானமும் உப்பும் காரையிலேயே நிகழும். நூறு ஆண்டுக்கு ஒருமுறை காரையைப் புதுப்பித்தால் போதும், கல் அப்படியே இருக்கும். அந்த வழியைச் சிமென்டால் அடைத்துவிட்டால் ஈரம் கல்லின் வழியே வெளியேற முயலும். உப்பு கல்லுக்குள் படிகமாகும். கல்லின் முகம் தோல் தோலாக உரிந்து விழும். எங்கள் வரிசையில் கல்லிடுக்குகளைச் சிமென்டால் பூசிய வீடுகளை அடையாளம் காண்பது எளிது: சிமென்ட் வரிகள் அப்படியே துருத்திக்கொண்டு நிற்க, கற்கள் உள்வாங்கிப் பள்ளமாகியிருக்கும்.

அப்படியானால் எங்கள் ஓதம் எங்கிருந்து வந்தது? இரண்டாம் குளிர்காலத்தில், நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஓர் ஞாயிற்றுக்கிழமை, நான் குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். நாங்கள் அதுவரை செலவழித்த பணத்தையெல்லாம்விட அந்த ஒரு மணி நேரம் பயனுள்ளதாக இருந்தது. கூரைத் தண்ணீரை வாங்கும் வார்ப்பிரும்புக் கால்வாயின் ஓர் இணைப்பு, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே, விட்டுப்போயிருந்தது. தண்ணீர் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. கீழே, முன்பு குடியிருந்தவர்கள் முற்றத்தில் பழைய தரைக்கு மேலேயே புதிய பலகைக்கற்களைப் பரப்பியிருந்ததால், தரைமட்டம் உயர்ந்து, வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது. நிலவறைக்குக் காற்று தரும் துளைகளில் ஒன்று அதனடியில் மறைந்தே போயிருந்தது. ஓதம் என்று யாராவது சொன்னால், எந்த மருந்துக்கும் பணம் கொடுக்குமுன் மழையில் ஒருமுறை வெளியே நின்று பாருங்கள். கூரைக் கால்வாய், இறங்குகுழாய், தரைச் சரிவு, காற்றுத் துளை ஆகிய நான்கையும் பார்த்துவிட்டுத்தான் சுவரைக் குறைசொல்ல வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். அது எங்கள் சமையல். நாள்தோறும் சோறு வடிப்பது, வார இறுதியில் இட்லி அவிப்பது, குளிர்காலம் முழுவதும் துணிகளை வீட்டுக்குள்ளேயே உலர்த்துவது என்று நாங்கள் எழுப்பிய நீராவி, கதவிடுக்குகளையெல்லாம் அடைத்துக் கணப்பின் புகைபோக்கியையும் மூடிவிட்ட அந்த வீட்டில் போக வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் படிந்தது. ஒரு காலத்தில் கணப்பில் எரிந்த நெருப்பே அறைக் காற்றை இடைவிடாமல் மேலே இழுத்து வெளியேற்றிக்கொண்டிருந்தது. நெருப்பை நிறுத்தினாலும் புகைபோக்கியை முழுதாக அடைக்கக்கூடாது. கீழே ஒரு சல்லடைத் துளையும் மேலே மழை புகாத மூடியும் வைத்தால் போதும். அடுப்புக்கு மேலே காற்று வெளியேற்றியும் வைத்த பிறகு, சாளரக் கண்ணாடிகளில் காலையில் வழியும் நீர் வெகுவாகக் குறைந்தது.

பிறகு சிமென்ட் பூச்சை அகற்றிவிட்டுச் சுண்ணாம்பில் பூசும் கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் என் பாட்டி வீட்டில் சிறுவயதில் கேட்ட சுண்ணாம்புக் காரை என்ற சொல்லை, அதன் பொருள் முழுதும் விளங்கும்படி இந்த நாட்டில் பார்த்தேன். அவருக்கு அவசரமே கிடையாது. இரவில் வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் மாதங்களில் வெளிவேலை செய்ய மறுத்துவிட்டார். பூசிய காரை உலர்வதற்குள் உறைந்தால் பொடிந்துபோகும் என்றார். கோடையில் பூசியபோதும், ஈரச் சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டுப் பல நாள் நனைத்துக்கொண்டே இருந்தார். சிமென்டை இயந்திரத்தால் அறுத்தெடுக்கவும் அவர் சம்மதிக்கவில்லை; கல்லின் விளிம்பு போய்விடும் என்று உளியாலேயே மெல்ல எடுத்தார். சுண்ணாம்பு வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டியிருக்கும், காத்திருக்கலாம். அந்தச் சுவர் முழுதாக உலர ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதன்பின் அங்கே உப்புப் பூக்கவில்லை.

எங்களை மிகவும் கலங்கவைத்தது சட்டத்தின் பக்கம். சால்டேரின் வீடுகள் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் இருப்பவை. பட்டியலிட்ட கட்டடம் என்றால் முகப்பை மட்டும் மாற்றக்கூடாது என்று பலரும் நினைக்கிறார்கள்; அது தவறு. உட்புறம், படிக்கட்டு, கதவு, கணப்பு, கொல்லை மதில் எல்லாமே அதில் அடங்கும். கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் உள்ளாட்சி மன்றத்தின் இசைவு வேண்டும். இசைவின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். எங்களுக்கு முன்பிருந்தவர் பின் படுக்கையறையில் பிளாஸ்டிக் சாளரம் ஒன்றை இசைவு பெறாமல் வைத்திருந்தார். அவர் செய்த குற்றத்துக்காக எங்கள்மேல் வழக்கு வராது. ஆனால் அதை அகற்றிப் பழையபடி ஆக்கச் சொல்லும் ஆணை இன்றைய உரிமையாளரான எங்கள்மேல்தான் வரும், அதற்குக் கால வரம்பும் கிடையாது. வாங்கும்போது எங்கள் வழக்கறிஞர் இதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று எங்களுக்கும் தெரியவில்லை. வீடு பார்க்கப் போகும்போதே, புதிதாகத் தெரியும் ஒவ்வொரு சாளரத்துக்கும் கதவுக்கும் உடைத்த சுவருக்கும் இசைவுக் கடிதம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகக் காப்பீடு எடுத்துத் தருகிறேன் என்பார்கள். காப்பீடு பண இழப்பைத் தாங்குமே தவிர, இசைவாகிவிடாது.

நாங்களே மன்றத்திடம் போய், மரச் சாளரமாக மாற்ற விண்ணப்பித்தோம். இங்கிலாந்தில் இந்த இசைவுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. வழக்கமாக எட்டு வாரத்தில் முடிவு சொல்வார்கள். நான் அஞ்சியதற்கு மாறாக, பாரம்பரியக் கட்டடங்களைப் பார்க்கும் அலுவலர் மிகுந்த அக்கறையுடன் பேசினார். முன்னறையில் மேலும் கீழும் நழுவும் பழைய சாளரத்தை மாற்ற வேண்டியதே இல்லை என்று சொன்னவரும் அவரே. அறுந்த கயிறுகளை மாற்றி, எடைக்கட்டிகளைச் சரிசெய்து, இடுக்குகளில் தூரிகைப் பட்டை பதித்து, உட்புறத்தில் கழற்றி மாட்டக்கூடிய இரண்டாம் கண்ணாடி ஒன்றை வைத்தோம். குளிரும் தெருச் சத்தமும் ஒருசேரக் குறைந்தன. நூறாண்டுக்கு மேற்பட்ட அலையோடிய கண்ணாடியும் பிழைத்தது.

வரிசை வீட்டில் பொதுச்சுவரும் நம்முடையது மட்டும் அன்று. அந்தச் சுவரில் உத்தரம் பதிக்கவோ அதை வெட்டவோ வேண்டுமானால், 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர்கள் பதினான்கு நாளுக்குள் சம்மதம் தரவில்லையென்றால் அது தகராறாகக் கொள்ளப்பட்டு, அளவையாளர்களின் தீர்ப்புக்குப் போகும். கடிதத்தை அஞ்சலில் அனுப்புவதற்கு முன்னால் நேரில் போய்ப் படத்தைக் காட்டிப் பேசிவிட்டு வருவது நல்லது. பக்கத்து வீட்டு மூதாட்டி எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் துளையிட நினைத்த இடத்துக்கு நேர் மறுபுறம் தம் புகைபோக்கிக் குழல் ஏறுகிறது என்று காட்டினார். அது எந்த வரைபடத்திலும் இல்லை.

வீட்டின் வரலாற்றைத் தேட விரும்புவோருக்கும் சிலவற்றைச் சொல்ல முடியும். மேற்கு யார்க்‌ஷயரில் 1704 முதல் 1970 வரை நடந்த சொத்துப் பரிமாற்றங்களின் பதிவேடுகள் வேக்ஃபீல்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சொந்த வீடுகளுக்கு அவை பெரும் புதையல். எங்களைப் போல ஆலைக்குரிய வாடகை வீடுகளுக்கு அவற்றால் பயன் குறைவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் நம்ப வேண்டும். 1861இலிருந்து 1921 வரையிலான வீட்டுவாரிப் பட்டியல்களை இன்று பார்க்கலாம். 1931ஆம் ஆண்டுப் பட்டியல் 1942இல் தீயில் எரிந்துபோயிற்று. அதற்கு ஈடாக, போர் தொடங்கியபோது வீடு வீடாக எடுத்த 1939ஆம் ஆண்டுக் குடிமக்கள் பதிவேடு உதவும். கதவு எண்கள் இடையில் மாறியிருக்கக்கூடும் என்பதால், எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தேடாமல், முனை வீட்டிலிருந்து வீடு வீடாக எண்ணிக்கொண்டே வர வேண்டும். நான் முதலில் இரண்டு வீடு தள்ளியிருந்த குடும்பத்தையே எங்கள் வீட்டார் என்று ஓராண்டு நம்பிக்கொண்டிருந்தேன்.

சரியான குடும்பத்தைக் கண்டபோது, இப்போது நாங்கள் மூவர் இருக்கும் இந்த வீட்டில் எட்டுப் பேர் இருந்தது தெரிந்தது. தந்தை கம்பளி சீவுபவர்; மூத்த பெண்கள் நெசவாளிகள்; பத்து வயதுச் சிறுவனின் தொழில் அரைநாள் வேலை, அரைநாள் பள்ளி என்று எழுதியிருந்தது. எட்டு வயது முதலே குழந்தைகள் அப்படி வேலை செய்ய 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இடமளித்திருந்தது. நல்ல வீடு கட்டித் தந்த அதே முதலாளியின் ஆலைக்கு அந்தச் சிறுவன் இந்தக் கதவைத் திறந்துகொண்டுதான் போயிருப்பான். இந்த வரிசைகளின் அழகைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவனையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன். வாசற்படிக்கல்லின் நடுவே உள்ள பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தலாம் என்று கொத்தனார் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

சென்ற இலையுதிர்காலத்தில் கூரைக் கால்வாயின் அதே இணைப்பு மீண்டும் கசியத் தொடங்கியது. இம்முறை தனித்தனியே ஆளைத் தேடாமல், இருபுறமும் உள்ள ஐந்து வீட்டாரும் சேர்ந்து ஒரே சாரம் கட்டி, முனை வீட்டிலிருந்து இறங்குகுழாய் வரை முழுக் கால்வாயையும் கழற்றி, சரிவு பார்த்து, இணைப்புகளில் புதிய பசை வைத்து மாட்டினோம். மூதாட்டி தம் பங்குப் பணத்தோடு ஒரு தட்டு கேக்கும் கொண்டுவந்தார். அன்று இரவு மழை பெய்தது. குடையோடு கொல்லையில் போய் நின்றேன். தண்ணீர் ஐந்து வீட்டுக் கூரையிலிருந்தும் ஒரே குழாயில் இறங்கிப் போயிற்று.